டெல்டா கடலைக் கரையிலிருந்தே ரேடாரால் அளப்பது எப்படி: அலை, நீரோட்டம், முழுமையான வழிகாட்டி

கடலில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டால் அந்த ஒரு புள்ளியில் அலை எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அதில் வலை மாட்டும், சங்கிலி அறும், யாராவது கழற்றிக்கொண்டும் போவார்கள். கரையில் நிற்கும் ரேடார் தண்ணீரில் இறங்காமலேயே பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடலின் ஓட்டத்தை மணிக்கு ஒருமுறை வரைந்து தருகிறது. நம் கரையில் கடலூரிலும் கல்பாக்கத்திலும் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நாட்டில் அமைத்த ஐந்து ஜோடிகளில் அது ஒன்று. தரவு ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை தரும் இன்காய்ஸ் நிறுவனத்துக்குப் போகிறது.

அப்படியானால் நாகப்பட்டினம் பக்கம் இன்னொரு ஜோடி எதற்கு? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வேதாரண்யத்துக்கு வெளியே கடலில் ஒரு புள்ளி வையுங்கள். கடலூரிலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் அதற்குக் கோடு போட்டால், இரண்டு கோடுகளும் ஏறக்குறைய வடக்கிலிருந்தே வரும். இரண்டுக்கும் நடுவே இருபது டிகிரிகூட இருக்காது. அந்தக் கோணத்தில் கிழக்கு மேற்கு ஓட்டத்தைப் பிரித்தெடுக்கவே முடியாது. கோடியக்கரையைத் தாண்டி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கக் கடல் நிலத்துக்குப் பின்னால் மறைந்தே போகிறது. ஆகவே டெல்டாவின் தென்பாதியை அளக்க நினைக்கும் கல்லூரிக் குழுவோ துறைமுகப் பொறியாளரோ முதலிலிருந்து யோசித்தாக வேண்டும். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

1. ரேடார் உண்மையில் எதை அளக்கிறது?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற படிகள் தானாக விளங்கும். எந்த ரேடாரும் நீரோட்டத்தை நேராகப் பார்ப்பதில்லை. திரும்பி வரும் ரேடியோ அலையின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. மற்றதெல்லாம் நம் கணக்கு.

1955-இல் நியூசிலாந்தில் டக்ளஸ் குரோம்பி 13.56 மெகாஹெர்ட்ஸில் கடலின் எதிரொலியை ஆராய்ந்தார். கடலில் விதவிதமான நீளத்தில் அலைகள் ஓடிக்கொண்டிருக்க, எதிரொலியில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கூர்மையான முனை எழுந்தது. காரணம் இதுதான்: ரேடியோ அலைநீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகள் மட்டும், அடுத்தடுத்த முகடுகளிலிருந்து திருப்பி அனுப்பும் எதிரொலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிவிடுகின்றன. மற்ற அலைகளின் எதிரொலி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. இதற்குப் பிராக் சிதறல் என்று பெயர்.

5 மெகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அலைநீளம் 60 மீட்டர். அது தேடிப் பிடிப்பது 30 மீட்டர் நீளக் கடலலையை. 13.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 11 மீட்டர் அலை, 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் 6 மீட்டர் அலை. ஆழமான நீரில் ஓர் அலையின் வேகத்தை அதன் நீளம் மட்டுமே தீர்மானிக்கிறது. 30 மீட்டர் அலை நொடிக்கு 6.84 மீட்டர் போகும், 11 மீட்டர் அலை 4.16 மீட்டர் போகும். எதிரொலியின் அதிர்வெண் நகர்வை வரைந்த படத்தில் (இதுதான் ஸ்பெக்ட்ரம்), ரேடாரை நோக்கி வரும் அலை பூஜ்யத்துக்கு வலப்பக்கம் ஒரு முனையையும், விலகிப் போகும் அலை இடப்பக்கம் ஒரு முனையையும் தரும். 5 மெகாஹெர்ட்ஸில் இவை 0.228 ஹெர்ட்ஸிலும், 13.5-இல் 0.375 ஹெர்ட்ஸிலும் நிற்க வேண்டும்.

நிற்காது. அலையைச் சுமக்கும் தண்ணீரும் ஓடுவதால் இரண்டு முனைகளும் சேர்ந்து ஒரே பக்கம் கொஞ்சம் நகரும். அந்த நகர்வுதான் நீரோட்டம். அதுவும் ரேடாரை நோக்கியோ விலகியோ ஓடும் பாகம் மட்டும். குறுக்கே ஓடும் தண்ணீர் இந்த ரேடாருக்குத் தெரியாது.

இன்னொன்று. இந்த ஓட்டம் எந்த ஆழத்துக்கு உரியது? ரேடார் அலைநீளத்தை 25-ஆல் வகுத்தால் தோராயமாக வரும். 5 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 25 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர். இதை நம் மீனவர்களிடம் விளக்கவே வேண்டியதில்லை. “மேத்தண்ணி ஒரு பக்கம் இழுக்கும் தம்பி, அடித்தண்ணி வேற பக்கம் போவும். நீ எதைச் சொல்ற?” என்று அவர்களே கேட்பார்கள். மேத்தண்ணியைத்தான் சொல்கிறோம்.

2. அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது

பலரும் இங்கே “எவ்வளவு தூரம் எட்டும்?” என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். தூரம் வேண்டுமென்றால் குறைந்த அதிர்வெண். 5 மெகாஹெர்ட்ஸ் பகலில் 200 கிலோமீட்டர் வரை போகும், 13.5 சுமார் 70, 25 சுமார் 40. ரேடியோ அலை உப்புநீரின் மேல் ஒட்டிக்கொண்டே வளைந்து போவதால் அடிவானம் ஒரு தடையே இல்லை. ஆனால் டெல்டாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அங்கே எவ்வளவு ஆழம்?

மேலே சொன்ன அலைவேகக் கணக்கு ஆழமான நீருக்கு மட்டும். ஆழம் அலைநீளத்தின் பாதிக்குக் கீழே போனால், அலை அடித்தரையை உணர்ந்து வேகம் குறையும். 30 மீட்டர் அலைக்கு அந்த எல்லை 15 மீட்டர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி அந்த ஆழத்தையே எட்டாது. 8 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் அலையின் வேகம் 6.84-லிருந்து 6.61 ஆகிவிடும். வித்தியாசம் நொடிக்கு 23 சென்டிமீட்டர். தண்ணீர் அசையாமல் நின்றாலும் மென்பொருள் “23 சென்டிமீட்டர் ஓட்டம்” என்று எழுதி வைக்கும். அந்தக் கடலில் உண்மையான ஓட்டமே பல நாட்களில் அவ்வளவுதான் இருக்கும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீரோட்டம் இரண்டு முனைகளையும் ஒரே பக்கம் தள்ளும். ஆழக்குறைவு இரண்டையும் நடுவை நோக்கி இழுக்கும். ஒரே இடத்துக்கு இடமுனை “கரையை நோக்கி ஓட்டம்” என்றும் வலமுனை “கரையிலிருந்து விலகி ஓட்டம்” என்றும் சொன்னால் அது ஆழத்தின் வேலை. இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், இரு முனைகளின் சராசரியை எடுங்கள், ஓட்டம் கிடைக்கும். அவற்றின் இடைவெளியிலிருந்து ஆழத்தையே கணக்கிட்டும் விடலாம்.

ஆகவே என் பரிந்துரை: கோடியக்கரைக்கு வடக்கே, திறந்த வங்கக்கடல் மட்டும் போதுமென்றால் 5 மெகாஹெர்ட்ஸையும் யோசிக்கலாம். டெல்டாக் கரையை ஒட்டிய வேலைக்கும் பாக் விரிகுடாவுக்கும் 13.5 சரி. 5 மீட்டர் ஆழத்தில்கூட அதன் பிழை ஒன்றரை சென்டிமீட்டர்தான். 25 இன்னும் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் ஒரே கரைக்கு நிறைய நிலையங்கள் தேவைப்படும்.

ஒரு கிளைக்கதை. உங்களுக்குத் துறைமுக வாயில் மட்டும் போதுமென்றால், உதாரணமாக நாகையில் கடுவையாற்று முகத்துவாரமோ காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரமோ, இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். கப்பலில் சுழலும் சாதாரண எக்ஸ் பேண்ட் ரேடாரையே மாடியில் வைக்கலாம். 9.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். கப்பல்காரர்கள் தொல்லை என்று அழித்துவிடும் கடல் எதிரொலிதான் இங்கே சரக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படமாக 32 அல்லது 64 படங்களை அடுக்கி, இடம், காலம் இரண்டிலும் ஃபூரியே மாற்றம் (கலவையைத் தனித்தனி அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) செய்தால் அலையின் நீளம், திசை, காலம் எல்லாம் வெளிவரும். மூன்று நான்கு கிலோமீட்டர் வரை பார்க்கும். இரண்டு குறைகள்: காற்று நொடிக்கு மூன்று மீட்டராவது இல்லையென்றால் நீர்ப்பரப்பில் சிற்றலை இல்லாமல் படமே வராது. அலை உயரத்தை அதுவாகச் சொல்லாது, ஒரு மிதவையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மற்றபடி மணல்மேடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இனி வருவது எல்லாம் பெரிய ரேடாரைப் பற்றி.

3. இரண்டு நிலையங்களை எங்கே வைப்பது

ஒரு ரேடார் ஒரு திசையைத்தான் சொல்லும் என்பதால் இரண்டு வேண்டும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் கோணம் 30-க்கும் 150-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும் என்று வைத்துக்கொள்வோம். இடையே சுமார் 39 கிலோமீட்டர், கரை ஏறக்குறைய நேர் வடக்கு தெற்கு. நடுவிலிருந்து கிழக்கே கடலுக்குள் போவோம். 5 கிலோமீட்டரில் கோணம் 151. அங்கே இரண்டு ரேடாரும் எதிரெதிரே நின்று ஒரே கோட்டைப் பார்க்கின்றன. கரையோடு ஓடும் ஓட்டம் நன்றாகத் தெரியும், கரையை நோக்கி வருவது தெரியாது. 20 கிலோமீட்டரில் கோணம் 90-ஐ ஒட்டி, மிகச் சிறந்த இடம். 60-இல் 36. 73-இல் 30, அதோடு முடிந்தது. 13.5 மெகாஹெர்ட்ஸின் எட்டும் தூரமும் அங்கேதான் முடிகிறது என்பதால் இந்த இடைவெளி அந்த அதிர்வெண்ணுக்குப் பொருத்தம். வேறு ஊர்களை நினைத்தால் இதே கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கோடியக்கரை ஆசை காட்டும் இடம். கரை அங்கே சட்டென்று மேற்கே திரும்புவதால் ஒரே நிலையம் வங்கக்கடலையும் பாக் நீரிணையையும் பார்க்கும். ஆனால் அது வனவிலங்கு, பறவைகள் சரணாலயம், சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்ட ராம்சார் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது, நடக்கூடாது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் இடத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டுவது எனக்கும் உவப்பில்லை. வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே சரணாலயத்துக்கு வெளியே இடம் தேடுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு மனை பார்க்க வேண்டும். ஆன்டெனா அலைவாயிலிருந்து நூறு நூற்றைம்பது மீட்டருக்குள் இருந்தால் நல்லது. உலர்ந்த மணல் ரேடியோ அலையைத் தின்னும். ஒரு ரேடியோ அலைநீளத் தூரத்துக்குள், அதாவது 13.5-க்கு 22 மீட்டருக்குள், இரும்பு வேலி, மின்கம்பி, டீசல் தொட்டி, தகரக் கொட்டகை எதுவும் இருக்கக்கூடாது. ஐஸ் ஃபேக்டரி பக்கத்து மனை மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்போன் கோபுரமும் அப்படியே. கரையோரச் சவுக்குத் தோப்பு அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் கடலுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வேண்டாம்.

4. அனுமதி

ரேடியோ அலை அனுப்ப மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் வாங்க வேண்டும். 2012-இல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில்தான் கடல் ரேடார்களுக்கென்று அதிர்வெண் பட்டைகள் ஒதுக்கப்பட்டன. 4438 முதல் 4488 கிலோஹெர்ட்ஸ், 5250 முதல் 5275, 13450 முதல் 13550, 16100 முதல் 16200 ஆகியவை அவற்றில் அடங்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிலையத்தின் அழைப்புக்குறியை மோர்ஸ் குறியீட்டில் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதை உபகரணம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரையோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், புறம்போக்கு நிலமென்றால் வட்டாட்சியர் அலுவலகம், காரைக்கால் என்றால் புதுச்சேரி அரசு என்று மற்ற வாசல்களும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். கம்பத்தால் மீன் ஓடிவிடுமா, வலை காயவைக்கும் இடம் போய்விடுமா என்ற கேள்விகள் நியாயமானவை, நேராகப் பதில் சொல்லிவிடலாம். அனுப்பும் திறன் சில பத்து வாட்தான் என்றும் சொல்லுங்கள்.

5. ஆன்டெனாவும் கொட்டகையும்

எதிரொலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு வழிகள். ஒன்று, ஒரே கம்பத்தில் மூன்று ஆன்டெனாக்களை அடக்கி, அவற்றின் வலிமை வேறுபாட்டை வைத்துத் திசையைக் கணிப்பது. அமெரிக்காவில் டொனால்ட் பேரிக் குழுவினர் 1970-களில் தொடங்கிய வேலையிலிருந்து வந்த சீசோண்ட் ரேடார் இப்படி. கடலூரில் இருப்பதும் அதுதான். இன்னொன்று, கரையோடு 12 அல்லது 16 கம்பங்களை வரிசையாக நட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் அலை வந்து சேரும் கட்ட (ஃபேஸ்) வேறுபாட்டால் திசையைத் திருப்பிப் பார்ப்பது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான வேரா ரேடார் இந்த வகை. கம்பங்களுக்கு இடையே அரை அலைநீளம் வேண்டும் என்பதால், 13.5 மெகாஹெர்ட்ஸில் 16 கம்பங்களுக்குச் சுமார் 165 மீட்டர் நீளக் கரை வேண்டும். 5 மெகாஹெர்ட்ஸில் 450 மீட்டர். நம் மீனவக் குப்பங்களில் அவ்வளவு நீளத்துக்குத் தடையில்லாத கரை கேட்பது நடக்கிற காரியமில்லை. அலை அளவுக்கு வரிசை ஆன்டெனா மேல், இடத்துக்கு ஒற்றைக் கம்பம் மேல். டெல்டாவில் இடம்தான் தீர்மானிக்கும்.

கொட்டகைக்கு ஏசி, யுபிஎஸ், ஜெனரேட்டர் வேண்டும். மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர் பகுதிகளில் எத்தனையோ ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயலை அளக்க வைத்த கருவி புயல் நாளில் இருட்டில் கிடந்தால் என்ன பயன்? சூரிய மின்தகடு வைத்தால் காற்றுக்குத் தாங்கும்படி இறக்கி வைக்கிற மாதிரி வையுங்கள். இடிதாங்கியும் நல்ல எர்த்தும் கட்டாயம். கேபிள் இணைப்புகளை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றி, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, தை முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கியிருக்கும்.

6. ஆன்டெனாவின் உண்மையான வடிவத்தை அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தொழிற்சாலை தரும் ஆன்டெனா வடிவம் ஏட்டுச் சுரைக்காய். உங்கள் மணலில், உங்கள் வேலிக்குப் பக்கத்தில் அது கோணலாகிவிடும். கோணல் பத்து டிகிரி என்றால் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஓட்டம் ஏழு கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்.

ஒரு ஃபைபர் படகை வாடகைக்கு எடுத்து, ரேடார் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறிய டிரான்ஸ்பாண்டரையும் ஜிபிஎஸ்ஸையும் வைத்து, நிலையத்தை மையமாகக் கொண்டு ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் ஆரத்தில் அரைவட்டம் அடிக்க வேண்டும். வேகம் ஒரே சீராக, நடைவேகத்தை விடக் கொஞ்சம் அதிகமாக. ஓட்டுபவரிடம் “அண்ணே, வலை கிடந்தா சுத்திப் போங்க, ஆனா மறுபடி அதே வட்டத்துக்கு வந்துடுங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள். வட்டத்தை இரண்டு பக்கமும் ஓட்டி, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நடமாட்டம் இருக்காது, இழுவலை இருக்காது, எதிரொலியில் குப்பை குறையும். அதிலும் ஏப்ரல் மாதக் காலைகளில், கச்சான் காற்று பிடிப்பதற்கு முன், கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள், பக்கத்தில் யாராவது புதிதாகக் கட்டடம் கட்டினால் உடனே செய்யுங்கள்.

7. ஸ்பெக்ட்ரத்திலிருந்து ஓட்டத்துக்கு

தூரம் எப்படிப் பிரிகிறது? ரேடார் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே அனுப்புகிறது. திரும்பி வருவதற்கும் இப்போது போவதற்கும் உள்ள வேறுபாடு தூரத்தைச் சொல்லும். 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 6 கிலோமீட்டர் வளையம், 50-க்கு 3, 100-க்கு ஒன்றரை.

ஓட்டத்தின் நுணுக்கம் எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 13.5 மெகாஹெர்ட்ஸில் 512 நொடி கேட்டால் ஒரு படிக்கு நொடிக்கு 2 சென்டிமீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் 3 சென்டிமீட்டர் நுணுக்கத்துக்கே 1024 நொடி வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. தரங்கம்பாடி, வேளாங்கண்ணி நடுவே, கரையிலிருந்து 19.5 கிலோமீட்டர் கிழக்கே ஒரு புள்ளி. தண்ணீர் நேர் தெற்கே நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. தரங்கம்பாடி அதைத் தென்கிழக்காகப் பார்க்கிறது. அதற்குத் தண்ணீர் 0.35 மீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது. விலகல் என்றால் முனைகள் இடப்பக்கம் 0.032 ஹெர்ட்ஸ் நகரும். வலமுனை 0.375-க்குப் பதில் 0.343-இலும் இடமுனை 0.407-இலும் நிற்கும். வேளாங்கண்ணி அதே புள்ளியை வடகிழக்காகப் பார்க்கிறது. அதற்குத் தண்ணீர் அதே 0.35-இல் நெருங்கி வருகிறது, முனைகள் வலப்பக்கம் நகரும். விலகலைக் கூட்டல், நெருக்கத்தைக் கழித்தல் என்று வைத்து இரண்டையும் கூட்டி இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிழக்குப் பாகம், இங்கே பூஜ்யம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அதே எண்ணால் வகுத்தால் தெற்குப் பாகம், 0.5. மென்பொருள் இதையே ஒவ்வொரு கட்டத்திலும், சுற்றியுள்ள பல அளவுகளைச் சேர்த்து, மொத்தப் பிழை மிகக் குறைவாக வரும்படி, குறைந்த வர்க்க முறையில் மணிக்கு ஒருமுறை செய்கிறது. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் பிறகு மென்பொருளை அப்படியே நம்பமாட்டார்.

முதன்மை முனை, அதாவது மேலே பார்த்த பிராக் முனை, எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் எல்லையைக் கவனியுங்கள். ஓட்டம் வேகமான நாளில் முனை அகன்று அந்த எல்லையைத் தாண்டும். எல்லை இறுக்கமாக இருந்தால் வேகமான ஓட்டத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சாந்தமாகக் காட்டும். முடிவு அழகாக இருக்கும், தவறாக இருக்கும்.

போனஸ் ஒன்று: இரண்டு முனைகளில் எது உயரம் என்பதிலிருந்து காற்றின் திசையையும் ஊகிக்கலாம். ரேடாரை நோக்கிக் காற்று வீசினால் வலமுனை ஓங்கும்.

8. அலை உயரம்

முதன்மை முனைகளின் இருபுறமும் சிறு மேடுகள் தெரியும். கடலலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் இரண்டாம் நிலை எதிரொலி அது. 1972-இல் பேரிக் எழுதிய சமன்பாடுகளின் அடிப்படையில், அந்த மேடுகளின் பரப்பை முதன்மை முனையின் பரப்பால் வகுத்து அலை உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். முதன்மையைவிட இது பல மடங்கு மெலிந்தது என்பதால் பக்கத்து வளையங்களில்தான் கிடைக்கும்.

இங்கேயும் அதிர்வெண் தலையிடுகிறது. அலை மிக உயர்ந்தால் இரண்டாம் நிலை முதன்மையை விழுங்கிவிடும். 25 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3.8 மீட்டர், 13.5-இல் சுமார் 7 மீட்டர், 5-இல் சுமார் 19 மீட்டர் வரை தாங்கும். ஆனால் 5 மெகாஹெர்ட்ஸில் அலை தாழ்ந்த நாளில் இரண்டாம் நிலை இரைச்சலில் மூழ்கிவிடும். நம் கரையில் சாதாரண நாளில் அலை ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் இங்கும் 13.5-க்கே என் ஓட்டு.

ஓர் எச்சரிக்கை. ஒற்றைக் கம்ப ரேடார் ஒரு வளையம் முழுக்க அலை ஒரே மாதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. தரங்கம்பாடியில் அது பரவாயில்லை. கோடியக்கரையில் செல்லாது. அதே வளையத்தின் ஒரு பாதி திறந்த வங்கக்கடல், மறுபாதி இலங்கையின் மறைவில் ஆழங்குறைந்த நீரிணை. இரண்டின் சராசரி எந்தக் கடலுக்கும் பொருந்தாத எண். கிழக்குப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கணக்கிடுங்கள்.

9. சரிபார்ப்பு

மிதவைகளை விட்டுப் பாருங்கள். மூங்கில் சட்டம், துணிப் பாய்மரம், ஜிபிஎஸ், ஒரு கொடி, இவை போதும். துணி எந்த ஆழத்தில் தொங்குகிறது என்பது ரேடார் பார்க்கும் ஆழத்தோடு பொருந்த வேண்டும். 13.5-க்கு ஒரு மீட்டரை ஒட்டி. வலையில் சிக்கினால் திருப்பித் தரச்சொல்லி தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முழு நாள் தடத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு மணி நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வரை பதற வேண்டியதில்லை, ரேடார் சதுர கிலோமீட்டர்களின் சராசரியையும் மிதவை ஒரு புள்ளியையும் சொல்கின்றன.

அப்புறம், தூரம் திடீரென்று குறைந்தால் உடனே கருவியைத் திட்ட வேண்டாம். இரவில் அயனி மண்டலம் மாறி எங்கெங்கோ ஒலிபரப்புகள் வந்து விழும், 5 மெகாஹெர்ட்ஸில் இது சகஜம். மேட்டூர் நிரம்பி முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் பாயும் நாட்களில் பழையாறு முகத்துவாரத்தை ஒட்டி நன்னீர் பரவும். உப்பு குறைந்தால் மின்கடத்துதிறன் குறையும், ரேடார் எட்டும் தூரமும் குறையும். வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடல் ஆறுகளின் நீர் தெற்கே இறங்கி வரும்போதும் அப்படியே.

10. பயன்படுத்தும்போது

காணாமல் போன படகைத் தேட, எண்ணெய்க் கசிவு எங்கே ஒதுங்கும் என்று ஊகிக்க இந்தப் படங்கள் உதவும். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது முதல் கேள்வியே “எந்தப் பக்கம் போகும்?” என்பதுதான். சுனாமியைப் பற்றியும் கேட்பார்கள். 2011 ஜப்பான் சுனாமியின் ஓட்டம் ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் இந்த வகை ரேடார்களில் பதிவானது. ஆனால் அதற்கு மணிக்கணக்குச் சராசரி உதவாது, சில நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிடும் தனி ஏற்பாடு வேண்டும்.

அன்றாடம் படத்தைப் பார்ப்பவர் மாதங்களை மனதில் வைத்திருக்க வேண்டும். மாசி பங்குனியில் நம் கரையோரப் பெரிய ஓட்டம் வடக்கே போகும், ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே இறங்கும். இடைக்காலத்தில் சுழிகளும் திருப்பங்களும் உண்டு. பங்குனியில் கரைக்கடல் முழுவதும் ஒரு வாரம் தொடர்ந்து தெற்கே ஓடுவதாகப் படம் வந்தால், புதிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுத உட்காராமல் ஆன்டெனா வடிவத்தைப் பதிந்த கணினிக் கோப்பைத் திறந்து பாருங்கள், வலமுனைக்கும் இடமுனைக்கும் பெயர் மாறிப் போயிருக்கலாம். இப்படித் திருத்தி மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும் என்பதற்காகவே, இடம் எவ்வளவு பிடித்தாலும் மூல ஸ்பெக்ட்ரம் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஓட்டப் படங்களை எப்போது வேண்டுமானாலும் அவற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.